சனம் நெரிந்த ஸ்ரேசனும் ஆள் தேடிய ஸ்ரேசனும்

ரிக்கற் கொடுக்கிறவன் மனிதரைக் கையால்தான் அறிவான். ஜன்னலில் ஒரு சின்ன வளைவான ஓட்டை. அதற்குள்ளால் நீளுகிற கைக்கு முகம் இராது. புகையிலைக் கறை பிடித்த விரல் என்றால் சுருட்டுக் கொட்டில்காரர், மசி பட்ட விரல் என்றால் கந்தோர்க்காரர், காப்புக் குலுங்கினால் கல்யாண வீட்டுக்குப் போகிறவ என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் ரிக்கற் கிளாக்கராகச் சேர்ந்தேன். குடாநாட்டில் அதைப் போலச் சனம் கூடுகிற ஸ்ரேசன் வேறு இல்லை. பிறகு, ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு ஸ்ரேசனுக்குத் தூக்கிப் போட்டார்கள். உலக யுத்தம் வந்ததும் திரும்பவும் யாழ்ப்பாணம். நெரிசலில் மிதி வாங்கியவர்கள், ஓடி வந்து ரயில் கோச்சியின் வாலை மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள், ஒருவருமில்லாத மேடையில் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருந்தவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நீங்கள் பட்ட பாட்டை இந்தப் பக்கம் நான் பட்டேன்.

மகளின் ஊர்

நல்லூர்த் திருவிழா முடிந்து சனம் ஊருக்குத் திரும்புகிற நாள். ஜன்னலுக்கு வெளியே ஒரே இடிபாடு. ஒரு முதிய கை உள்ளே வந்தது. "ஒரு ரிக்கற் தாரும் தம்பி" என்றது குரல். எவ்விடத்துக்கு என்று கேட்டேன். "மகளிட்டை" என்றார். மகள் எங்கே இருக்கிறா என்று கேட்டால் புருசன் வீட்டிலாம். புருசன் வீடு எங்கே என்று கேட்டால், "அதுதானே சொல்லுறன், மகள் இருக்கிற இடம்" என்றார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். மேடையில் கோச்சி வேறு நின்று ஊதிக்கொண்டிருந்தது.

நான் எழும்பி வெளியே போனேன். மெலிந்த ஒரு கிழவர். தோளில் ஒரு பனையோலை உமல். அதற்குள் பனாட்டும் ஒடியலும். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு முதல் தடவையாகப் பார்க்கப் போகிறார். ஊர்ப் பெயர் நெஞ்சில் நிற்கிறது, நாக்கில் வருகுதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. அவ்வளவு நேரமும் கத்திக்கொண்டு நின்ற வரிசை அவரைச் சூழ்ந்துகொண்டது. ஆளுக்கு ஆள் ஊர்ப் பெயர் சொல்லத் தொடங்கினார்கள். பளையோ? கிளிநொச்சியோ? மாங்குளமோ? "வயல் இருக்கோ அப்பு? குளம் இருக்கோ?" என்று ஒரு பெண் கேட்டா. குளத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைக்குக் கடை இருக்கிறது என்று அவர் சொன்னதும், பின்னால் நின்ற ஒருவர் "வவுனியா!" என்று கத்தினார். கிழவரின் முகம் விளக்கேற்றியது போல ஆயிற்று. ரிக்கற்றை மடியில் கட்டிக்கொண்டு போனவர், திரும்பி வந்து, ஓட்டைக்குள்ளால் குனிந்து என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இவ்வளவு பெரிய ஸ்ரேசனிலை இருக்கிறீர், என்ரை மகளைத் தெரியாதோ உமக்கு?"

வழியனுப்ப வந்தவ

கொழும்பு மெயிலில் போகிறவர் ஒருவர் என்றால் வழியனுப்ப வருகிறவர்கள் ஒரு வண்டில் நிறைய. கோச்சி புறப்பட்ட பிறகும் மேடையில் அரைவாசிச் சனம் நிற்கும். இணுவிலில் இருந்து அன்னம்மா என்ற ஒரு தாய் வந்திருந்தா. ஒரே மகன். கொழும்பில் கிளாக்கர் உத்தியோகம் கிடைத்து முதன்முதலாகப் போகிறான். தகப்பன் இல்லாத பிள்ளை. புதுச் சப்பாத்து அவன் காலைக் கடித்துக்கொண்டிருந்தது, நடையிலேயே தெரிந்தது.

அன்னம்மா பெட்டிக்குள் ஏறி, பாய் விரித்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்து, தண்ணீர்ச் செம்பை மூடி, "வெளியாலை எட்டிப் பாக்காதை, கண்ணுக்கை கரி விழும்" என்று புத்தி சொல்லி முடிப்பதற்குள் கோச்சி நகர்ந்துவிட்டது. மேடையில் நின்றவர்கள் "அன்னம்மாக்கா! அன்னம்மாக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். பயனில்லை. நான் சாவகச்சேரிக்குத் தந்தி அடித்தேன்: ரிக்கற் இல்லாமல் ஒரு அம்மா வருகிறா, ஏசாமல் இறக்கித் திருப்பி அனுப்பவும்.

அடுத்த கோச்சியில் திரும்பி வந்தா. கொண்டை அவிழ்ந்து, முகம் முழுக்கக் கரி. அழுதுகொண்டு வருவா, ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நான் வாசலில் நின்றேன். அவவோ சிரித்துக்கொண்டு வந்தா.

"இஞ்சை எல்லாருக்கும் முன்னாலை அவன் வெக்கப்பட்டுக் கையைக் குடுக்கேல்லை, தம்பி. சாவகச்சேரி மட்டும் என்ரை கையை விடாமல் பிடிச்சுக்கொண்டெல்லோ வந்தவன்."

நல்ல சனம்

எனக்கு உத்தியோக உயர்வு வந்தது. ஸ்ரேசன் மாஸ்ரர்! வீட்டில் பாயாசம் வைத்தார்கள். எந்த ஸ்ரேசனுக்கு என்று தெரிந்ததும் பாயாசம் ஆறிப்போயிற்று. தென்மராட்சியில், இரண்டு ஊர்களுக்கு நடுவில், பனங்கூடலுக்குள் ஒரு சின்னக் கட்டிடம். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர் இன்றைக்கும் கோபிப்பார்கள், விட்டுவிடுகிறேன். அங்கே நானே மாஸ்ரர், நானே ரிக்கற் கிளாக்கர், நானே தந்தி அடிக்கிறவன். எனக்குக் கீழே கந்தையர் என்ற போட்டர் ஒருவர் மட்டும். எனக்கு மூத்தவர், ஆறுதலான மனிதர்.

கோச்சி என்னை இறக்கிவிட்டுப் போன பிறகு சுற்றிப் பார்த்தேன். ஏறியவரும் இல்லை, என்னைத் தவிர இறங்கியவரும் இல்லை. ஒரு அணில் மட்டும் தண்டவாளத்தைக் கடந்து போயிற்று. யாழ்ப்பாணத்து இரைச்சலில் இருந்து வந்த காதுக்கு அந்த அமைதி நோவெடுத்தது. "எப்பவும் இப்பிடித்தானோ, கந்தையர்?" என்று கேட்டேன். அவர் என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"சீச்சீ, எப்பவும் இப்பிடி இராது மாஸ்ரர். இண்டைக்கு நீங்கள் வந்தபடியால் நல்ல சனம்."

அம்மா வந்துவிட்டாவா?

அந்த ஸ்ரேசனுக்கு என்று நிரந்தரமாக ஒரு பயணி இருந்தா. பெயர் பாறுபதி. அவவுடைய புருசன் வேலுப்பிள்ளை கிணற்றுக்குள் விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழும்பி நடக்க மாட்டார் என்று டாக்குத்தர்மார் சொல்லிவிட்டார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து, மாட்டைக் கட்டி, சோறு சமைத்து, அந்தத் தூக்குச் சட்டியோடு மணல் ஒழுங்கையால் ஓடி வருவா. கோச்சிக்கும் அவவுக்கும் தினமும் போட்டி.

அவவின் தலை ஒழுங்கை முடக்கில் தெரியும் மட்டும் நான் பச்சைக் கொடியைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, கைகாட்டியில் ஏதோ கோளாறு இருப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் அந்தக் கோச்சியில் இருந்து "இந்தப் பேய்க்காட்டு ஸ்ரேசனிலை ஏன் இவ்வளவு நேரம் நிக்குது?" என்று புறுபுறுத்த ஒருவராக இருந்தால், காரணம் இதுதான், மன்னியுங்கள். றைவர் ஒரு சிங்களவர். தமிழ் தெரியாது. எஞ்சினில் இருந்து தலையை நீட்டி "அம்மா ஆவாத?" என்று கேட்பார். அம்மா வந்துவிட்டாவா என்று அர்த்தம். நான் தலையை ஆட்டும் மட்டும் எஞ்சினில் கை வைக்க மாட்டார்.

மாரி போய்ப் பனி தொடங்கிய நேரத்தில், ஒரு பின்னேரம், கோச்சியில் இருந்து அவ மெல்ல இறங்கினா. இறங்கித் திரும்பிக் கையை நீட்டினா. பொல்லை ஊன்றிக்கொண்டு ஒரு மெலிந்த மனிதர் இறங்கினார். எங்களுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. கந்தையர் ஓடிப்போய் ஒரு கையைப் பிடித்தார். எஞ்சினில் இருந்து நீண்ட ஒரு ஊதல் வந்தது. வேலுப்பிள்ளை என் முன்னால் நின்று மூச்சு வாங்கினார்.

"மாஸ்ரர், எனக்காக ஒரு கோச்சியை மறிச்சு வைக்கினமாம் எண்டு இவள் சொன்னவள். நம்பேல்லை. பாத்திட்டுச் சாவம் எண்டுதான் எழும்பி வந்தன்."

கந்தனின் பயணம்

பின்னேரக் கோச்சி எங்களிடம் வரும்போது பெட்டிகள் அநேகமாக வெறுமையாக இருக்கும். அதில் சில நாட்களில் ஒருவன் ஏறுவான். கந்தன் என்று பெயர். கள்ளிறக்க மரம் ஏறுகிறவன். அவனுடைய ஆட்களை அந்தக் காலத்தில் பஸ்ஸில் ஆசனத்தில் இருக்க விடமாட்டார்கள். காலடியில்தான் குந்த வேண்டும். ரிக்கற் எடுக்க வரும்போதும் ஜன்னலுக்கு எட்டி நின்றே கையை நீட்டுவான். பக்கத்து ஸ்ரேசனுக்கு ஒரு ரிக்கற். சலவை வேட்டி, தோளில் போட விடாத சால்வை இடுப்பில். கையில் ஒரு சாமானும் இருக்காது. இருட்டுவதற்குள் தண்டவாளத்தோரமாக நடந்தே திரும்பி வந்துவிடுவான். அங்கே உறவுக்காரர் இருக்கிறார்களோ என்று கந்தையரைக் கேட்டேன். ஒருவரும் இல்லை என்றார்.

ஒருநாள் கோச்சி நகரும்போது அவனுடைய பெட்டி என்னைக் கடந்து போயிற்று. உள்ளே வேறு ஆள் இல்லை. வாங்குப் பலகையின் நட்டநடுவில், முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, படம் பிடிக்க இருப்பவன் போல இருந்தான். சால்வை தோளில் கிடந்தது.  அடுத்த தடவை வந்தபோது ஜன்னலுக்குக் கிட்ட வரச் சொன்னேன். அங்கே என்ன அலுவல் என்று கேட்டேன். பயந்து போனான். பிழையாகக் கேட்கவில்லை, அறிய வேண்டும் என்றுதான் கேட்டேன் என்று சொன்ன பிறகு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அலுவல் ஒண்டும் இல்லை ஐயா. எழும்படா எண்டு ஒருத்தரும் சொல்லாத இடம் எனக்கு இந்த உலகத்திலை அது ஒண்டுதான்."

பனைமரப் பக்கம்

அந்த ஊரில் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று இருந்தது. செல்லத்துரை உபாத்தியார் மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். மகள் கிரேசும் அதே பள்ளிக்கூடத்தில் ரீச்சர். முன்பு ஒரு இடத்தில் இருந்து பத்துப் பேர் வந்து, பலகாரம் சாப்பிட்டு, பெண்ணைப் பார்த்து, பிறகு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தவிர வெளியே போவதில்லை. ஆகவே இந்தத் தடவை ஊருக்குத் தெரியாமல் காரியம் பார்க்க வேண்டும் என்று உபாத்தியார் நினைத்தார். மாப்பிள்ளை தெல்லிப்பழைப் பொடியன், கொழும்பில் வேலை. லீவு முடிந்து திரும்பும்போது கோச்சி எங்கள் ஸ்ரேசனில் ஒரு நிமிசம் நிற்கும். பெண் மேடையில் நிற்பா. பெட்டிக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போகலாம். "பனைமரப் பக்கம் பாருங்கோ" என்று மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினார். பனை இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கோச்சி வந்து நின்றது. கிரேஸ் வெள்ளைச் சேலையில், குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றா.  பெட்டிக்குள் மாப்பிள்ளை எழும்பினார், சேட்டுக் கொலரைச் சரிசெய்தார், மற்றப் பக்கத்து ஜன்னலால் தலையை நீட்டிப் பனங்கூடலுக்குள் தேடத் தொடங்கினார். உபாத்தியார் இருமினார். கந்தையர் மணியை எடுத்து இரண்டு தரம் அடித்துப் பார்த்தார். மாப்பிள்ளை இன்னும் அக்கறையாக அந்தப் பக்கமே எட்டிப் பார்த்தார். கோச்சியின் கார்ட் விசில் ஊதிவிட்டார். அந்தக் கல்யாணம் பிறகு நடந்தது, நானும் போய்ச் சாப்பிட்டேன், அது வேறு. அந்த நேரத்தில் உபாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு வாங்கில் இருந்துவிட்டார். இந்தப் பிள்ளை இப்போது அழப்போகிறா என்று நான் வேறு பக்கம் திரும்பினேன். கோச்சி போன திசையைப் பார்த்துக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தபடி அவ சொன்னா:

"பிடரி வடிவாய்த்தான் கிடக்கு, மாஸ்ரர். முகத்தை நத்தார் லீவிலை பாப்பம்."

சந்தை இல்லாத நாள்

இப்படி ஏறுவாரும் இறங்குவாரும் இல்லாத இடத்துக்கு எதற்கு ஒரு ஸ்ரேசன் என்று மேலிடத்தில் யோசிக்கத் தொடங்கினார்கள். ஒரு அதிகாரி வந்து ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்துவிட்டுப் போவார், பிறகு மூடுவதுதான் என்று கதை வந்தது. எனக்கு அதனால் நட்டமில்லை, வேறு ஸ்ரேசன் தருவார்கள். கந்தையருக்குத்தான் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. "அந்தரம் ஆபத்துக்கு இந்தச் சனம் எங்கை மாஸ்ரர் போறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பாறுபதியிடம் சொல்லியிருக்க வேண்டும். பாறுபதி ஊரிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர்தான், கொழும்பில் இருந்து தொப்பி வைக்கப் பழகியவர். முதல் கோச்சிக்கு நேரமாக ஆக, ஒழுங்கையால் சனம் வரத் தொடங்கியது. சந்தனப் பொட்டும் சரிகைச் சால்வையுமாக ஆண்கள், கூறைச் சேலை கட்டிய பெண்கள். கோச்சியைப் பார்த்தாலே கும்பிடுகிற ஒரு கிழவியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பொல்லோடு வேலுப்பிள்ளை. எட்டி நின்று கந்தன். நான் ரிக்கற் கொடுத்துக் களைத்துப் போனேன். யாழ்ப்பாணத்தில் கூட இப்படி வேர்த்ததில்லை. அதிகாரி வேலுப்பிள்ளையைப் பிடித்து எங்கே பயணம் என்று கேட்டார். "கொடிகாமம், சந்தைக்கு" என்றார் அவர். "இண்டைக்குச் சந்தை கூடாதே?" என்றார் அதிகாரி. "அதுதான் ஐயா போறன், நெருக்கம் இராது" என்றார் வேலுப்பிள்ளை.

போனவர்கள் எல்லாரும் அடுத்த கோச்சியில் திரும்பி வந்தார்கள். பின்னேரம் திரும்பவும் போனார்கள். கடைசிக் கோச்சிக்குக் காத்திருந்தபோது பாறுபதி ஒரு இளநீரை வெட்டிக்கொண்டு வந்து அதிகாரியிடம் கொடுத்தா. அவர் குடித்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மேடையில் களைத்துப்போய்க் குந்தியிருந்த சனத்தை நெடுநேரம் பார்த்தார். ஸ்ரேசனை மூடச் சொல்லி அதற்குப் பிறகு ஒரு தகவலும் வரவில்லை. அன்று பெட்டியில் ஏறி இருந்துகொண்டு, சிரிக்காமல், அதிகாரி என்னிடம் மட்டும் சொன்னார்:

"மாஸ்ரர், இண்டைக்கு நான் கண்ட சனத்துக்கு, யாழ்ப்பாணம் ஸ்ரேசனை மூடிப்போட்டு இதைத்தான் வைச்சிருக்க வேணும்."

அச்சுவேலி வண்டில்

யுத்த காலம். கொழும்பில் குண்டு விழுந்தது. நான் அப்போது திரும்பவும் யாழ்ப்பாணத்தில். அந்த நாட்களில் அங்கேயிருந்து ஓடி வந்த சனத்தை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. வாசற்படியில், ஜன்னலில், சாமான்களுக்கு மேலே எல்லாம் ஆட்கள். ஒரு பெண் தேங்காய்த் திருவலையோடு வந்து இறங்கினா. ஏன் அதைக் கொண்டு வந்தா என்று அவவுக்கே தெரியவில்லை. மேடையில் ஊர் ஊராக உறவுக்காரர் வந்து காத்து நின்றார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கட்டிப்பிடித்து அழுவதுமாக ஒரு பெரிய இரைச்சல். மெல்ல மெல்ல எல்லாரையும் அவரவர் ஆட்கள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு குடும்பம் மட்டும் மிச்சம். கண்ணாடி போட்ட ஒரு கிளாக்கர், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு தகரப் பெட்டிக்கு மேலே இருந்தார்கள். ஆரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறியள் என்று கேட்டேன். அவர் எழும்பி, மெதுவாக, "கொழும்புக்குத் திரும்பிப் போற கோச்சி எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். உயிருக்குப் பயந்து எல்லாரும் ஓடி வருகிற நாளில் திரும்பிப் போக வழி கேட்டவர் அவர் ஒருவர்தான். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவராம். குண்டு விழுந்ததும், எல்லாரும் ஊருக்கு ஓடுகிறார்களே என்று தாங்களும் ஏறிவிட்டார்கள். வந்து இறங்கிய பிறகுதான், தங்களுக்கு ஊர் இல்லை என்பது தெரிந்திருக்கிறது. "அப்பா அச்சுவேலி எண்டு சொல்லுவார். அவரும் இப்ப இல்லை. அங்கை எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது" என்றார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டா. 

வாசலில் சவாரி தேடி நின்ற மாட்டுவண்டில்காரர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பீடியை எறிந்துவிட்டு உள்ளே வந்தார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் தகரப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தார். சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்தார். கிளாக்கர் பதறிப்போய், எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார்.

"அச்சுவேலிக்குத்தான். முதல் எங்கடை வீட்டிலை வந்து சாப்பிடுங்கோ, சொந்தக்காரர் ஆர் எண்டதைப் பேந்து ஆறுதலாத் தேடுவம்."

நெரிசலிலும் தனிமையிலுமாக இத்தனை வருசம் கொடி காட்டி நான் கண்டறிந்த ஒரே உண்மை, கோச்சி நேரத்துக்கு வருகிற நாளில்தான் சனம் பிந்தி வரும் என்பதே.